படியளந்த கலீஃபா ஹள்ரத் உமர் (ரலி)

 

இஸ்லாமிய வரலாற்றின் இரண்டாம் கலீஃபா ஹள்ரத் உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்களின் வீரத்தையும் நீதியையும் எளிமையையும் நாம் அனைவரும் பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள். ஆயினும் அன்னாரின் ஆட்சியில் ஒரு பகுதி அதிகமாகப் பேசப்படுவதில்லை. இல்லாதோருக்கும் முதியோருக்கும் மாதந்தோறும் கொடுக்கப்படும் உதவியை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு அன்னார் கண்ட விடையே அது. தீப்பெட்டி ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் உழைத்து ஓய்ந்த முதியோர் நிறைந்த நமது கோவில்பட்டி வட்டாரத்தில், உதவித்தொகையை எதிர்பார்த்து நாட்களை எண்ணும் குடும்பங்கள் பல உள்ளன. எனவே அந்த விடையை நாம் அறிந்து கொள்வது அவசியமாகிறது.

பிறப்பும் இளமையும்

உமர் (ரலி) அவர்கள் மக்கா நகரில் குறைஷிக் குலத்தின் பனூ அதீ கிளையில், கி.பி. 584 ஆம் ஆண்டளவில் பிறந்தார்கள். தந்தை கத்தாப் கடுமையானவர். இளம் வயதில் தந்தையின் ஒட்டகங்களை மேய்த்து, களைத்தபோது கண்டிப்புக்கு ஆளான நாட்களைக் கலீஃபாவான பின்னரும் அன்னார் நினைவு கூர்ந்ததுண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே இருந்த அக்கால மக்காவில் அன்னார் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். வணிகத்திலும் ஈடுபட்டார்கள். ஒட்டகத்தின் விலையும் தானியத்தின் விலையும் ஒரு குடும்பத்தின் அடுப்பை எவ்வாறு பாதிக்கும் என்பதைச் சந்தையில் நின்று கற்றவர்கள் அவர்கள்.

ஆரம்பத்தில் இஸ்லாத்தைக் கடுமையாக எதிர்த்த அன்னார், நபித்துவத்தின் ஆறாம் ஆண்டளவில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். வாளேந்திப் புறப்பட்டவர்கள் தம் சகோதரி ஃபாத்திமா (ரலி) அவர்களின் இல்லத்தில் தாஹா அத்தியாயத்தைக் கேட்டு உள்ளம் உருகிய வரலாறு நாம் அறிந்ததே. பின்னர் ஹிஜ்ரத் செய்தார்கள். பத்ரு முதலான போர்களில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் நின்றார்கள். அன்னாரின் புதல்வி ஹஃப்ஸா (ரலி) அவர்கள் முஃமின்களின் அன்னையாகும் பேறு பெற்றார்கள்.

கலீஃபாவின் சொந்தப் படி

ஹிஜ்ரி 13 (கி.பி. 634) ஆம் ஆண்டில் அபூபக்ர் (ரலி) அவர்கள் மறைந்தபின் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்றார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த அவ்வாட்சியில் சிரியா, இராக், எகிப்து, பாரசீகத்தின் பெரும்பகுதி ஆகியவை இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வந்தன.

அத்தனை பெரிய நாட்டின் தலைவர் பைத்துல்மாலிலிருந்து தமக்கென எடுத்துக் கொண்டது மிகச் சொற்பம். கோடைக்கு ஓர் ஆடை, குளிருக்கு ஓர் ஆடை, ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் ஓர் வாகனம், குறைஷிகளில் நடுத்தரமான ஒரு குடும்பத்தின் உணவு. தமக்குரிய பங்கை அன்னார் நாணயத்தின் எண்ணிக்கையால் வரையறுக்காமல், ஒரு சாதாரணக் குடும்பம் வாழத் தேவையான பொருட்களால் வரையறுத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மூத்த ஸஹாபாக்கள் சிலர் அதை உயர்த்த விரும்பி, நேரில் கேட்க அஞ்சி, ஹஃப்ஸா (ரலி) அவர்கள் மூலம் கேட்டபோதும் அன்னார் மறுத்து விட்டார்கள்.

திவான் என்னும் பதிவேடு

பஹ்ரைன் பகுதியிலிருந்து அபூஹுரைரா (ரலி) அவர்கள் 5 லட்சம் திர்ஹம்களைக் கொண்டு வந்து சேர்த்தபோது, அத்தொகையைக் கேட்டு உமர் (ரலி) அவர்களே வியப்படைந்தார்கள் என்பர். இவ்வளவு பெரிய நிதியைக் கையால் அள்ளிக் கொடுத்தல் இயலாது. பெயர் எழுதிப் பதிவு செய்து வழங்க வேண்டும் என்ற ஆலோசனை ஏற்கப்பட்டது. அதுவே திவான். அது ஏற்பட்ட ஆண்டை ஹிஜ்ரி 15 என்று சிலரும் 20 என்று சிலரும் குறிப்பிடுவர். வம்சாவளி அறிந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய மூவர் பதிவேட்டை எழுதினர். கலீஃபாவின் குலம் முதலில் எழுதப்படவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குடும்பத்திலிருந்து தொடங்கி, உறவின் நெருக்க முறைப்படி பனூ அதீக்கு உரிய இடமே கொடுக்கப்பட்டது.

ஆண்டுத் தொகைகள் சேவையின் முதன்மையைப் பொறுத்து வேறுபட்டன. பத்ருப் போரில் கலந்து கொண்டோருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் என வரலாற்று நூல்கள் கூறும். தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்கு உஸாமா இப்னு ஜைத் (ரலி) அவர்களைக் காட்டிலும் குறைவாகவே அன்னார் நிர்ணயித்தார்கள். ஆனால் இந்தத் திர்ஹம் தொகைகளுக்கு அப்பால் மற்றொரு கொடையும் இருந்தது. அது மாதாந்திர உணவு. அதில் உயர்வு தாழ்வு இல்லை.

முப்பது பேர் உண்ட விருந்து

ஒரு மனிதனுக்கு மாதம் எவ்வளவு உணவு வேண்டும்? இதற்கு அன்னார் ஊகத்தால் விடை காணவில்லை. ஒரு ஜரீப் அளவுத் தானியத்தை மாவாக்கிப் பிசைந்து ரொட்டி சுடச் செய்தார்கள். அதை எண்ணெயில் பிய்த்துப் போட்டு, தரீத் என்னும் உணவாக்கி, 30 பேரை அழைத்துப் பகல் உணவாகப் பரிமாறினார்கள். அனைவரும் வயிறார உண்டனர். இரவுக்கும் அவ்வாறே மற்றொரு ஜரீப் சமைத்து 30 பேருக்கு அளித்தார்கள்.

கணக்கு எளிது. ஒரு ஜரீப் 30 பேருக்கு ஒரு வேளை என்றால், ஒருவருக்கு அதுவே 30 வேளை. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என ஒருவருக்கு மாதம் 2 ஜரீப் போதும். அந்த அளவே ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் வழங்கப்பட்டது. ஆண், பெண் என்ற பேதமின்றி, அடிமைகளுக்கும் கூட அதே அளவுதான். தானியத்தோடு எண்ணெயும் காடியும் சேர்க்கப்பட்டதாகவும் அறிவிப்புகள் உள்ளன. அடிமைக்குமா என்று ஒருவர் வியந்து கேட்டபோது, ஆம், அவருக்கும்தான் என்பதே கலீஃபாவின் விடையாக இருந்தது.

இதன் சிறப்பு யாது? சந்தையில் கோதுமை விலை இருமடங்கானாலும் அந்த ஏழையின் தட்டில் விழும் ரொட்டி குறையாது. நாணயம் தன் மதிப்பை இழக்கலாம்; ஜரீப் தன் அளவை இழப்பதில்லை. விலையேற்றத்தின் சுமை பெறுபவரின் தலையிலிருந்து பைத்துல்மாலின் தோளுக்கு மாறி விடுகிறது. சுமக்க வல்லவர் சுமப்பதே நீதி.

அழுத குழந்தையும் பார்வையிழந்த முதியவரும்

முதலில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று விதிக்கப்பட்டிருந்தது. மதீனாவின் புறத்தே தங்கிய வணிகக் கூட்டத்தைக் காவல் காக்க இரவில் சென்ற கலீஃபா, ஒரு குழந்தையின் அழுகையை மீண்டும் மீண்டும் கேட்டார்கள். உதவித்தொகை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அக்குழந்தையை முன்கூட்டியே பால்மறக்கச் செய்வதாகத் தாய் கூறினார். எதிரே நிற்பவர் யாரென அவருக்குத் தெரியாது. அன்று ஃபஜ்ரு தொழுகையில் அன்னாரின் அழுகையால் ஓதியது கூடத் தெளிவாகக் கேட்கவில்லை என்பர். தொழுகை முடிந்ததும், இனி பிறந்த நாள் முதலே உதவி உண்டு என அறிவிக்கச் செய்து, எல்லா மாகாணங்களுக்கும் எழுதினார்கள். பிறந்த குழந்தைக்கு 100 திர்ஹம், வளர வளரக் கூடுதல் என்று முறை வகுக்கப்பட்டது.

அவ்வாறே, வாசலில் நின்று யாசித்த பார்வையிழந்த யூத முதியவர் ஒருவரைக் கண்டு விசாரித்தார்கள். ஜிஸ்யாவும் முதுமையும் வறுமையும் தம்மை அந்நிலைக்குக் கொண்டு வந்ததாக அவர் கூறினார். அவரைக் கைபிடித்துத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று உதவியபின், அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் வரியை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து பராமரிக்குமாறு ஆணையிட்டார்கள். இளமையில் உழைப்பைப் பெற்றுக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே அன்னாரின் கருத்து. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் தம் கராஜ் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

சாம்பல் ஆண்டு

ஹிஜ்ரி 18 (கி.பி. 639) ஆம் ஆண்டு ஹிஜாஸில் மழை பொய்த்தது. காற்று வீசினால் சாம்பல் போல் மண் பறந்ததால் அது சாம்பல் ஆண்டு எனப் பெயர் பெற்றது. கிராமத்து மக்கள் மதீனாவை நோக்கித் திரண்டனர். சிரியா, இராக் ஆளுநர்களுக்குக் கடிதங்கள் பறந்தன. உணவு மூட்டைகள் சுமந்த ஒட்டகங்கள் வந்து சேர்ந்தன.

அந்நாட்களில் மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யும் பாலும் இறைச்சியும் உண்பதில்லை என அன்னார் உறுதி பூண்டார்கள். சந்தைக்கு வந்த ஒரு தோற்பை நெய்யையும் ஒரு தோற்பை பாலையும் பணியாளர் 40 திர்ஹம் கொடுத்து வாங்கி வந்தபோது, அதிக விலை கொடுத்து விட்டதாகக் கூறி, அவற்றைத் தர்மமாக வழங்கச் செய்தார்கள். மக்களைத் தொடும் துன்பம் தம்மைத் தொடாவிட்டால் அவர்களின் நிலையைத் தாம் எவ்வாறு அறிய முடியும் என்பதே அன்னாரின் கவலை. எண்ணெய் மட்டுமே உண்டு அன்னாரின் மேனி கறுத்தது. அவ்வாண்டு ஜகாத் வசூல் ஒத்தி வைக்கப்பட்டது. மழை பெய்து வளம் திரும்பியபின் இரண்டாண்டுக்கும் சேர்த்து வசூலிக்கப்பட்டது. கொடுப்பதில் மட்டுமன்றிப் பெறுவதிலும் காலத்தின் நிலை கருதப்பட்டது.

விலை உயர்ந்தது, தொகையும் உயர்ந்தது

அன்னாரின் நீதிநோக்கைத் தெளிவாகக் காட்டுவது அபூதாவூத் நூலில் இடம்பெறும் ஒரு செய்தியாகும். கொல்லப்பட்டவரின் குடும்பத்திற்கு வழங்கும் இழப்பீடாகிய திய்யத் 100 ஒட்டகங்கள். நாணயமாகக் கொடுப்போருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அது 800 தீனார் அல்லது 8,000 திர்ஹமாக மதிப்பிடப்பட்டிருந்தது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒட்டகங்களின் விலை ஏறியது. பழைய தொகையையே கொடுத்தால், தந்தையை இழந்த குடும்பத்திற்கு 100 ஒட்டகங்களின் மதிப்பு கிடைக்காது. எனவே அன்னார் குத்பாவில் நின்று, ஒட்டக விலை உயர்ந்ததைச் சுட்டி, தொகையை 1,000 தீனார் அல்லது 12,000 திர்ஹமாக உயர்த்தினார்கள். பொன் நாணயத்தில் கால் பங்கும் வெள்ளி நாணயத்தில் பாதியும் கூடிற்று. மாடு வைத்திருப்போருக்கு 200 மாடுகள், ஆடு வைத்திருப்போருக்கு 2,000 ஆடுகள் எனவும் அறிவித்தார்கள்.

இங்கே சட்டம் மாறவில்லை என்பதை உணர வேண்டும். உரிமை 100 ஒட்டகங்களே. மாறியது நாணயத்தின் எண்ணிக்கை மட்டுமே. எண்ணிக்கையை மாற்றாமல் விட்டிருந்தால்தான் உரிமை குறைந்திருக்கும்.

இறுதி நாட்கள்

ஹிஜ்ரி 23 (கி.பி. 644) துல்ஹஜ் மாத இறுதியில், ஃபஜ்ரு தொழுகையில் நின்றபோது அபூலுஃலுஆ என்பவனால் கத்தியால் குத்தப்பட்டு அன்னார் ஷஹீதானார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், தமக்கு ஆயுள் நீடித்தால் இராக்கின் விதவைகள் தமக்குப் பின் எவரிடமும் கையேந்தாத நிலையை ஏற்படுத்துவதாகக் கூறியிருந்தார்கள். மரணப் படுக்கையில் தம் கடனைக் கணக்கிடச் செய்தபோது அது 86,000 திர்ஹம் அளவுக்கு இருந்தது. அதைத் தம் குடும்பத்தார் சொத்திலிருந்தே அடைக்கப் பணித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் இசைவு பெற்று நபிகள் நாயகம் (ஸல்), அபூபக்ர் (ரலி) ஆகியோரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

கரிசல் மண்ணில் இதன் படிப்பினை

வானம் பார்த்த பூமியாகிய நமது கரிசல் காட்டில், முற்காலத்தில் களத்து வேலைக்குக் கூலி கம்பாகவும் சோளமாகவும் படியால் அளக்கப்பட்டது. விலை ஏறினாலும் இறங்கினாலும் படி படிதான். பின்னர் ஆலைகள் வந்து பணக்கூலி வந்தது. விலையேற்றத்தை ஈடுகட்ட அடிப்படைச் சம்பளத்தோடு ஒரு தொகை சேர்க்கப்பட்டது. அரசு அதை அகவிலைப்படி என்று எழுதினாலும், மில் தொழிலாளர் அதற்கு இட்ட பெயர் பஞ்சப்படி. பஞ்ச காலத்திலும் பசியின்றி வாழக் கொடுக்கும் படி என்ற பொருள் அப்பெயரிலேயே அமைந்துள்ளது.

மத்திய அரசு ஊழியருக்கும் அதன் ஓய்வூதியருக்கும் விலைவாசிப் புள்ளியைக் கணக்கிட்டு ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை இப்படி திருத்தப்படுகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், துணி, வாடகை முதலியவற்றின் விலையைத் திரட்டி எடுக்கப்படும் அப்புள்ளி, ஏறத்தாழ அந்த முப்பது பேர் விருந்தின் விரிவே எனலாம்.

ஆனால் தனியார் ஆலைகளில் உழைத்தோர் நிலை வேறு. 1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், கடைசி ஆண்டுகளின் சராசரிச் சம்பளத்தையும் பணிக்காலத்தையும் கொண்டு ஓய்வூதியம் நிர்ணயிக்கப்படுகிறது. அது விலைவாசிப் புள்ளியோடு இணைக்கப்படவில்லை. 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்றாக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகள் கடந்த பின்னரும் அத்தொகை அவ்வாறே நின்றது. தமிழகத்தில் 1962 இல் 20 ரூபாயுடன் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2011 இல் 1,000 ரூபாயானது. அடுத்து 1,200 ரூபாயாக உயர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மளிகைக் கடைச் சீட்டின் தொகை எவ்வளவு மாறியது என்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவர். தொகை குறைக்கப்படவில்லை, ஆனால் அதில் வாங்கும் பொருள் குறைந்து கொண்டே வந்தது.

நம் கையில் உள்ளது

அரசின் திட்டங்களைத் திருத்துவது நம் கையில் இல்லை, கோரிக்கை வைக்கலாம். நமது பைத்துல்மால் நம் கையில் உள்ளது. அதிலும் இதே கேள்வி எழுகிறது.

ஒவ்வொரு ரமளானிலும் ஃபித்ராத் தொகையை நாம் புதிதாக அறிவிக்கிறோம். சென்ற ஆண்டின் தொகையை எவரும் அப்படியே படிப்பதில்லை. ஏனெனில் ஃபித்ரா ரூபாயில் விதிக்கப்படவில்லை. ஸாஃ என்னும் முகத்தலளவையில் விதிக்கப்பட்டது. தானிய விலை ஏறும்போது தொகையும் தானாக ஏறுகிறது. ஜகாத்தின் நிஸாபும் தங்கம், வெள்ளியின் எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மஹரிலும் இதைக் காணலாம். பழைய நிகாஹ் தஃப்தர்களில் ரூபாயாக எழுதப்பட்ட மஹர் இன்று ஒரு வேளை உணவுக்கும் போதாது; பவுனாக எழுதப்பட்டது இன்றும் பவுன்தான்.

இத்தனையிலும் அளவைப் பின்பற்றும் சமுதாயம், விதவையருக்கும் முதியோருக்கும் கொடுக்கும் மாதாந்திர உதவியை மட்டும் ஒருமுறை ரூபாயில் எழுதி, ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவது பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. கொடுப்பவர் மனதில் அதே தொகை. பெறுபவர் பாத்திரத்தில் வேறு அளவு.

எனவே மாத உதவியை ரூபாயால் அன்றிப் பொருளால் வரையறுப்பது உமர் (ரலி) அவர்களின் வழிமுறைக்கு நெருக்கமானதாகும். ஒருவருக்கு மாதம் இத்தனை கிலோ அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு எண்ணெய், இன்ன மருந்துச் செலவு என எழுதி வைத்து, ஃபித்ராத் தொகையை அறிவிக்கும் அதே நாளில் அதன் அன்றைய விலையையும் கணக்கிட்டு, உதவித்தொகையைத் திருத்தலாம். அளவைத் தீர்மானிக்கும்போது பெறும் குடும்பங்களின் அடுப்படியையும் கேட்டறிவது நலம். கலீஃபாவே சமைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

நிதிக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. உதவி மட்டும் ஏறிச் சந்தா அப்படியே நின்றால் பைத்துல்மால் தாங்காது. ஆகவே வசதியுள்ளோரின் மாதச் சந்தாவும் அதே அளவைப் பின்பற்றி உயர வேண்டும். வறட்சியாலோ தொழில் முடக்கத்தாலோ சிரமப்படும் ஆண்டில், சாம்பல் ஆண்டில் ஜகாத் ஒத்தி வைக்கப்பட்டது போல, இயலாதோரின் சந்தாவுக்குத் தவணை தரலாம். நிதி போதாத ஆண்டில், அளவை மறைக்காமல், எழுதிய அளவில் எத்தனை பங்கு கொடுக்க முடிந்தது, எவ்வளவு குறைந்தது என்று ஆண்டறிக்கையில் வெளிப்படையாக எழுதலாம். குறை கண்ணில் பட்டால்தான் அதை நிறைக்கும் மனம் வரும்.

உலகத்தார் அனைவருக்கும் படியளப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் அளந்ததை உரியவரிடம் குறையாமல் சேர்க்கும் பொறுப்பே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அந்த அமானிதத்தை ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் பேணிய வழியில் நாமும் பேண, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.